எடுக்காத பேச்சு

குழந்தைகள் வார்டில் அவளை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்ததுமே, இது இப்போது வாந்தி எடுக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உதடு வெளுக்கும், வாயில் எச்சில் ஊறும், கண் எங்கேயோ நிலைகுத்தும். பக்கத்தில் இருக்கும் தாய் "ஒண்ணுமில்ல, தூக்கம் வருது போல" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், வாளியும் கையுமாக இவள் கட்டிலருகே நின்றுகொண்டிருப்பாள். குழந்தையின் நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, "வரட்டும் ராசா, வரட்டும், அதை உள்ளே வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற" என்பாள். முகம் சுளிக்க மாட்டாள். வாயைத் துடைத்துவிட்டு, வந்தது என்ன நிறம், எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொண்டு, வாளியைக் கழுவப் போய்விடுவாள்.

பெரிய டாக்டர் வேற்று நாட்டுக்காரர். அவருக்குத் தமிழ் வராது, இவளுக்கு இங்கிலீஷ் வராது. இருந்தாலும் ஒரு வார்த்தை மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் வருஷக்கணக்காகத் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வார்டைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று, "ப்ராட் அப் எனிதிங்?" என்று கேட்பார். இவள் "எஸ் டாக்டர், டூ டைம், எல்லோ" என்பாள். இல்லாவிட்டால், "நோ டாக்டர், குட் பாய்" என்பாள். ப்ரிங் அப் என்றால் வாந்தி எடுப்பது. எடுத்து முடித்துவிட்டால் ப்ராட் அப். இதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. வாளி பிடித்துப் படித்த பாடம் அது.

அவளுடைய வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். கீழ்த்தளத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேச்சு மிகவும் கம்மி. கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இவர்களுக்கு ஒரே மகள். ஒரு கட்டட கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. சின்ன வயதில் ஒரு இடத்தில் உட்காராமல் துள்ளியதால் வாண்டு என்று பெயர் விழுந்தது. இப்போது அப்பாவைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை.

அந்த வாண்டு ஒரு நாள், தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனுக்கும் தமிழ் தெரியாது. வீட்டுக்கு வந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான், கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டான், அப்பாவோடு சேர்ந்து ஒரு மணி நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தான். அவன் போன பிறகு, "நல்ல பையன்" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு விசாரணையும் நடக்கவில்லை.

அவனுடைய அம்மா வேறு ஊரில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரமாவது சம்பந்திகள் முகம் பார்த்துப் பேச வேண்டாமா என்று வீடியோ காலுக்கு ஏற்பாடு ஆயிற்று. வாளியக்கா நல்ல புடவை கட்டி, போனைப் பாத்திரத்தில் சாய்த்து வைத்து, மகள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி சிரித்த முகமாக வந்தாள். மகள் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்ட, மகள் எழுந்து போனாள்.

சம்பந்தியம்மாள் அந்த நேரம் பார்த்துக் குரலைக் கனிவாக்கிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "யூ ஹேவ் ப்ராட் ஹர் அப் ஸோ வெல்."

வாளியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்க்கிற நேரத்தில் இது என்ன கேள்வி? யார் என்ன கோள் மூட்டினார்களோ? கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு வாந்தி என்றால் ஊர் உலகம் என்ன நினைக்கும்! இதை இப்போதே அடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, போனுக்கு இன்னும் கிட்டே போய், அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள்:

"நோ மேடம். ஸ்மால் பேபி டைம் ஒன்லி. நவ் நோ. நவ் வெரி குட்."

சம்பந்தியம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து, கண் கலங்கச் சிரித்தாள். குழந்தையாக இருந்தபோதுதான் நான் வளர்த்தேன், பிறகு அவளே நன்றாக வளர்ந்துகொண்டாள் என்று ஒரு தாய் தன்னடக்கமாகச் சொல்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மகள் திரும்பி வந்தபோது இரண்டு அம்மாக்களும் பரம திருப்தியோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் வாளியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டாள். "ஏங்க, ப்ரிங் அப்னா என்ன?"

"மேலே கொண்டு வர்றது" என்றார் அவர் உடனே. "அஞ்சாம் மாடியிலிருந்து அந்த வார்த்தையைத்தானே தினமும் கத்துறாங்க. எனக்குத் தெரியாதா?"

"ஆளைப் பத்திச் சொன்னா?"

"ஆளையும் மேலேதான் கொண்டு வரணும்" என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் டீ நேரத்தில் பெரிய சிஸ்டரிடம் போய் நின்றாள். வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவள். இவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். சம்பந்தியம்மாள் கேட்டதையும் இவள் சொன்ன பதிலையும் கேட்டுவிட்டு, பெரிய சிஸ்டர் டீயைக் கீழே வைத்து, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அக்கா, அக்கா... உங்க பொண்ணை ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கன்னு சொல்லியிருக்காங்க அந்த அம்மா!"

"வளர்த்திருக்கேனா?"

"ஆமா. பிள்ளையை வளர்க்கிறதுக்கும் ப்ரிங் அப்தான். ரெய்ஸ்னும் சொல்வாங்க. அது வேற, இங்கே வாளியில பிடிக்கிறது வேற."

வாளியக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழிவறைப் பக்கம் போனவள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள். நல்லா வளர்த்திருக்கீங்க. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே பேச்சை விடமாட்டார்கள்.

விஷயம் இதுதான். வாண்டு அவள் வயிற்றில் பிறந்தவள் இல்லை. தங்கை பெற்ற பிள்ளை. தங்கை ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும் காணாமல் போனான். குழந்தைக்குத் தலை நிற்பதற்கு முன்னால், வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி, அக்காவின் மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டுத் தங்கை கிளம்பினாள். அப்போது வாளியக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ரெண்டு வருஷத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றாள். இரண்டு, நாலாயிற்று. பிறகு அங்கே ஒரு சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தாள். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போனில் பேசியபோது சொன்னாள்: "உன்னைத்தானே அம்மாங்குது? அப்படியே இருக்கட்டும்க்கா. பெரியவளாகி அவளா கேட்டா சொல்லு. கேக்காத பிள்ளைகிட்ட சொல்லி நோகடிக்காத."

வாளியக்கா காத்திருந்தாள். பள்ளிக்கூடம் போகும்போது கேட்பாள் என்று பார்த்தாள். வயதுக்கு வந்தால் கேட்பாள், வேலைக்குப் போனால் கேட்பாள் என்று பார்த்தாள். வாண்டு எதையெதையோ கேட்டாள், அதைக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று ஒரு மனசும், கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இன்னொரு மனசுமாக இவள் நாளைத் தள்ளினாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பெரிதாக வருத்தப்பட்டுக்கொண்டதும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், துவைத்த துணியை உலர்த்த பால்கனிக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு போனில் மாப்பிள்ளைப் பையனோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவான, கனத்த குரல். ஒட்டுக் கேட்கும் பழக்கம் இவளுக்குக் கிடையாது. கேட்டாலும் புரியப் போவதில்லை. திரும்பப் போனவளின் காதில் தெரிந்த வார்த்தை ஒன்று வந்து விழுந்தது.

"அம்மா நெவர் ப்ராட் இட் அப். நாட் ஒன்ஸ்."

நெவர் என்றால் அவளுக்குத் தெரியும். ஒருக்காலும் இல்லை. ப்ராட் அப் என்ன என்று போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்துகொண்டிருந்தாள். நடுவில் இருந்த அந்தத் துளியூண்டு 'இட்' அவள் காதில் ஏறவே இல்லை. அம்மா என்னை வளர்க்கவே இல்லை. ஒரு நாளும் வளர்க்கவில்லை.

ஈரத்துணி வாளியோடு அப்படியே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தெரிந்துவிட்டதா இவளுக்கு? தெரிந்துதான் இப்படிச் சொல்கிறாளா? தெரிந்தாலும் இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது? காய்ச்சலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எல்லாம் எந்தக் கணக்கில் போயிற்று? அழுகை வரவில்லை. துணி உலராமல் வாளியிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து வாளியக்கா மகளிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள்.

"சாப்பிட வாங்க."

வாண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாரும்மா வந்திருக்காங்க?"

"உங்களைத்தான்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு என்ன இருக்கு? படிச்ச பிள்ளைங்க நீங்க."

முதல் நாள் மகள் சிரித்தாள். இரண்டாம் நாள், "நான் என்ன செஞ்சேன், திட்டுறதா இருந்தா திட்டித் தொலை" என்றாள். மூன்றாம் நாள் அவள் தட்டில் கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறுகிற கை நின்றுபோயிற்று, "போதுமா உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி மட்டும் வந்தது. அன்றைக்கு வாண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். வீட்டுக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பழுதைக் கண்டுபிடிக்க முடியாத லிஃப்ட்டைப் பார்ப்பது போல இருந்தது அது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டில் நிறையக் காய்ந்த துணிகளைக் குவித்துப் போட்டுக்கொண்டு தாயும் மகளும் எதிரெதிராக மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"அந்த டவலைக் குடுங்க" என்றாள் அம்மா.

வாண்டு டவலைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். "இன்னொரு தடவை 'ங்க' போட்டேன்னா நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன். என்னன்னு சொல்லும்மா!"

"என்ன சொல்றது? நான்தான் உன்னை வளர்க்கவே இல்லையே. யாரோ எவளோ. அப்ப மரியாதையாத்தானே பேசணும்?" சொல்லும்போதே குரல் உடைந்தது.

"யார் சொன்னா வளர்க்கலைன்னு?"

"நீதான் சொன்ன! பால்கனியில நின்னு அந்தப் பிள்ளைகிட்ட சொன்ன. நெவர் ப்ராட் அப்னு சொன்ன. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சியா? சிஸ்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ப்ராட் அப்னா வளர்க்கிறது."

வாண்டின் முகத்தில் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. "ஐயோ அம்மா... அது அது இல்ல. நெவர் ப்ராட் 'இட்' அப்னு சொன்னேன். அதுக்கு அர்த்தம் வேற. ஒரு பேச்சை எடுக்கிறதுக்கும் ப்ரிங் அப்தான் சொல்வாங்க. அம்மா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"எந்தப் பேச்சை?"

மகள் மடித்த டவலைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வந்ததே பிடிக்கவில்லை. அவசரமாக வேறு பக்கம் திரும்பினாள். "என்ன பாஷையோ போ. வாளியில பிடிக்கிறதுக்கும் அதே வார்த்தை, பிள்ளை வளர்க்கிறதுக்கும் அதே, பேச்சுக்கும் அதே. வேற வார்த்தையா கிடைக்கல அவங்களுக்கு? மனுஷி எதைன்னு கண்டா?"

"நாம மட்டும் என்னவாம்?" என்றாள் வாண்டு, அவளும் அந்தப் பக்கமே தப்பித்துப் போகப் பார்த்தவளாக. "வாந்தி எடுக்கிறோம். பேச்சு எடுக்கிறோம். பிள்ளையை..."

அங்கே நின்றுவிட்டாள். வாயில் வந்த வார்த்தை என்ன என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கன்னம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

வாளியக்கா மகளைப் பார்த்தாள். குனிந்த தலை, நடுவகிடு, காதோரத்தில் சுருண்ட முடி. எல்லாம் தங்கையுடையது. கேட்கிறாள். வாய் விட்டுக் கேட்கவில்லை, ஆனால் இதற்கு மேல் ஒரு பிள்ளை எப்படிக் கேட்கும்?

"எடுத்து வளர்த்தேன்" என்றாள். "உன்னை எடுத்து வளர்த்தேன்டி. நீ என் தங்கச்சி பிள்ளை."

சொல்லிவிட்டாள். வீடு இடிந்து விழவில்லை. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்மா" என்றாள் வாண்டு.

"எப்போலருந்து?"

"ஸ்கூல்ல பத்தாவது படிக்கும்போதே."

"யார் சொன்னது?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கையில் பையோடு அப்பா உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். பையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"லிஃப்ட்டுல வச்சுத்தான்" என்றார், யாரும் கேட்காமலே.

அவர் வாயால் அத்தனை நீளமாக ஒரு விஷயத்தை வாளியக்கா அன்றுதான் கேட்டாள். மகள் சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள், சர்வீஸுக்காக லிஃப்ட்டை நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தாராம். உறவுக்காரர் ஒருத்தர் அதற்கு முந்தின வாரம் குடித்துவிட்டு வந்து, பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருந்தாராம். எவனோ தெருவில் வைத்துச் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியதாம். சொன்னாராம். பிள்ளை அழுதாளாம். பிறகு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்களாம்.

"அம்மாகிட்ட நீயா கேக்காத, கேட்டா தாங்கமாட்டா, அவளா சொல்லட்டும்னு அப்பா சொன்னாங்க" என்றாள் வாண்டு. "நானும் நீ சொல்வே சொல்வேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நான் நீ கேப்பே கேப்பேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்டி, பாவி" என்றாள் அம்மா. அடுத்த கணம் கையில் இருந்த தலையணை உறை வீட்டுக்காரர் மேல் போய் விழுந்தது. "நீங்க? ரெண்டு பக்கமும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நடுவுல கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே! நான் தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன், உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றார் அவர். "எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

அதற்கு மேல் அவளால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே பிடித்து வைத்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் 'ங்க' மகளை விட்டு இறங்கி, வீட்டுக்காரர் தலையில் இரட்டிப்பாக ஏறியது. "ஐயா அவர்கள் டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவர் பாவம், ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று டீயை வாங்கிக்கொண்டார். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் தானாகவே அவளுடைய பையை வாங்கிச் சுமந்துகொண்டு, "உன் தங்கச்சி என்னை ஒரு தடவை, பேசத் தெரியாத ஆளுக்கு என் அக்காவைக் குடுத்துட்டாங்கன்னு சொன்னா" என்றார். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள் இவள். ஆனால் அன்றைக்கு டீ சாதாரணமாகவே வந்தது.

சம்பந்தியம்மாளுக்கு விஷயத்தைத் தானே சொல்ல வேண்டும் என்று வாளியக்கா பிடிவாதமாக இருந்தாள். மறுபடி போனைப் பாத்திரத்தில் சாய்த்து வைத்தார்கள். இந்த முறை மகள் எழுந்து போகக் கூடாது என்று அவள் முந்தானையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். தங்கையைப் பற்றிச் சொன்னாள். மகள் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்லச் சம்பந்தியம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முதல் தடவை தான் வாந்தி என்று புரிந்துகொண்டதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னாள் வாளியக்கா. அதைக் கேட்டதும் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன தடவை சொன்னதை அப்படியே இன்னொரு தரம் சொன்னாள். இந்த முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "தேங்க்யூ மேடம்" என்றாள் வாளியக்கா.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. செத்துப்போனவளை வாண்டு என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? 'பெத்த அம்மா' என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், இருவருக்குமே அது தொண்டையில் மாட்டியது. 'அவங்க' என்றால் யாரோ போல இருந்தது. சில நாள் பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் பள்ளத்தில் இறங்கியது போல நின்று நின்று போயிற்று. கடைசியில் ஒரு நாள் தலை சீவிக்கொண்டிருந்த வாண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உனக்குத் தங்கச்சின்னா எனக்குச் சித்திதானே? நான் சித்தின்னே சொல்லிக்கிறேன்மா. சரியா?"

வாளியக்கா தலையாட்டினாள்.

கல்யாணம் முடிந்து வாண்டு ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். அம்மாவின் டீ நேரம் அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் போன் வரும். சித்திக்கு நீச்சல் தெரியுமா? சித்தி தூக்கத்தில் பேசுவாளா? சித்திக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள்? தெரிந்ததை இவள் சொல்வாள், தெரியாததைத் தெரியாது என்பாள். தெரியாதது இத்தனை இருக்கிறதே என்று சில நாள் சங்கடமாக இருக்கும்.

ஒரு நாள் வாண்டு, "சித்திக்கு என்னைப் பிடிச்சிருந்துதாம்மா?" என்று கேட்டாள்.

வாளியக்கா வராந்தாவின் கடைசிக்கு நடந்து போய், ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"உனக்கு நகம் வெட்ட பிளேடு வைக்க விடமாட்டா. எங்கேயாவது பட்டுடும்னு பயம். அவளே உன் விரலை ஒண்ணொண்ணா வாயில வச்சு, பல்லால மெதுவா கடிச்சு எடுப்பா. நீ தூங்கிட்டிருப்ப. கிளம்புற அன்னைக்கு வாசல்ல வண்டி நிக்குது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், நான் போடி போடிங்குறேன். அவ உன் பக்கத்துல உட்கார்ந்து ஒரு விரல் விடாம எல்லா நகத்தையும் கடிச்சு முடிச்சுட்டுத்தான் எழுந்தா."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றாள் வாண்டு.

"அப்புறம் என்ன, ஒரு செருப்பு என்னோடது, ஒரு செருப்பு அவளோடதுன்னு மாத்திப் போட்டுக்கிட்டு ஓடிட்டா. அந்த நாடு போய்ச் சேர்ற வரைக்கும் அவளுக்குத் தெரியாதாம்."

மகள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். வாளியக்காவும் சிரித்தாள். டீ ஆறிப்போயிருந்தது. அவள் இன்னும் ஒன்று சொல்ல ஆரம்பித்தாள்.